எழுநூறு பேரும் ஆறேகால் வண்டியும்

புரொடக்ஷனுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், ஆயிரம் பேர் கூட்டத்தை எப்படி சமாளிச்சீங்க?" நான் ஏதோ சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. கூட்டத்தைச் சமாளிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வேளைக்குச் சோறு, ஒதுங்க இடம், வீட்டுக்குப் போக வண்டி, இந்த மூன்றும் இருந்தால் கூட்டம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். நான் சொல்ல வேண்டியது வேறு. அது என் சொந்த ஊரில் நடந்தது. அதனால்தான் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை.

நான் கோலார் தங்கவயல்காரன். அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் துளை போடும் வேலை பார்த்தவர். சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய ஸ்கெலட்டன் லைன் வரிசை வீட்டில் பிறந்து, இருபது வயதில் சண்டை போட்டுக்கொண்டு சென்னைக்கு ரயிலேறியவன். சினிமாவில் தட்டு கழுவுவதில் தொடங்கி புரொடக்ஷன் மேனேஜர் ஆனேன். நான் ஊரை விட்டுப் போகும்போது சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஷிப்ட் மாறும் நேரத்தில் தெருவே ஒரு பக்கமாக நடக்கும். போகிறவர்கள் சுத்தமாகப் போவார்கள், வருகிறவர்கள் மண்ணாக வருவார்கள். என் மனசில் ஊர் அப்படியே நின்றுவிட்டது. சுரங்கம் மூடியபோது நான் ராஜமுந்திரியில் ஒரு படகுக் காட்சிக்கு ஐம்பது படகு தேடிக்கொண்டிருந்தேன்.

என்னுடைய கடைசிப் படம் மிகப் பெரிய படம். பெயர் வேண்டாம். அதில் ஒரு காட்சி: பழைய காலத்துத் தங்கச் சுரங்கம், விடியற்காலை, எழுநூறு தொழிலாளர்கள் தலையில் விளக்கோடு ஷாஃப்ட்டை, அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் குழியை, நோக்கி நடந்து வருகிறார்கள், நடுவில் கதாநாயகன். இயக்குநர் செட் போடலாம் என்று சொன்னார். நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டேன். "எதுக்கு சார் செட்டு? எங்க ஊர்ல நிஜமான ஷாஃப்ட் நிக்குது. ஆளுங்களும் நிஜமான ஆளுங்க. எழுநூறு என்ன, ஆயிரம் பேர் கொண்டாரேன்." அதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு எவ்வளவு விரிந்தது என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

படப்பிடிப்பு நடக்கப்போகும் இடத்தை முன்கூட்டிப் போய்ப் பார்ப்பதை நாம் ரெக்கி என்கிறோம். அதற்கு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஏன் ஞாயிறு? என் தங்கை எஸ்தர் வீட்டில் ஞாயிறன்றுதான் கறி எடுப்பார்கள். காரணம் அவ்வளவுதான். சர்ச் விட்டு ஜனங்கள் வருகிறார்கள், மார்க்கெட்டில் தோள் இடிக்கிறது, டீக்கடை வாசலில் நாற்பது ஆண்கள், கேரம் போர்டைச் சுற்றி இருபது ஆண்கள். நான் ஒவ்வொரு இடமாகப் போய், "அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலைல ஏழு மணிக்கு ஷூட்டிங், எல்லாரும் வாங்க" என்று அழைத்தேன். எல்லோரும் "வரோம்ணா, வரோம்ணா" என்றார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. நான் நோட்டில் பெயர் எழுதிக்கொண்டே போனேன். எழுநூறைத் தாண்டியது.

சுரங்க நிலத்தில் கேமரா வைக்க அனுமதி திங்களும் செவ்வாயும் மட்டும். திங்கள் சாமான் இறக்கவே சரியாகிவிடும். புதன்கிழமை கதாநாயகன் வெளிநாடு போகிறார். கிரேன் வேறு படத்துக்குப் போகிறது. ஆக, அந்தக் காட்சிக்கு உலகத்தில் இருந்தது ஒரே ஒரு காலை.

ஷூட்டிங்குக்கு முந்தின நாள், திங்கட்கிழமை, எனக்குச் சீக்கிரம் விழிப்பு வந்துவிட்டது. மாரிகுப்பம் ஸ்டேஷன் பக்கம் ஒரு டீ குடிக்கலாம் என்று நடந்தேன். இருட்டு இன்னும் விலகவில்லை, நல்ல குளிர். லைனுக்கு லைன் கதவு திறக்கும் சத்தம். அப்புறம் காலடிச் சத்தம். முதலில் பத்துப் பேர், பிறகு ஐம்பது, பிறகு தெரு நிறைய. மஃப்ளர் கட்டியவர்கள், பையைத் தோளில் மாட்டியவர்கள், தலை பின்னிக்கொண்டே நடக்கிற பெண்கள். யாரும் பேசவில்லை. எல்லோரும் ஒரே பக்கமாக நடந்தார்கள். நான் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு அப்பாவின் ஷிப்ட்தான் நினைவுக்கு வந்தது. அந்தக் காலடி நின்றுபோய்விட்டது என்றுதான் நான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிளாட்பாரத்தில் தங்கை புருஷன் தாஸ் நின்றுகொண்டிருந்தான். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். அவன் சுரங்கத்தின் கடைசிக் காலத்தில் ஆறு வருஷம் கேஜில் வேலை பார்த்தவன். ஆட்களைக் கீழே இறக்கி ஏற்றுகிற அந்தக் கூண்டில் மணி அடிக்கும் வேலை. இப்போது பெங்களூரில் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டர். "அப்ப கீழ போயிகினு இருந்தேன், இப்ப மேல போயிகினு கீறேன், அவ்ளோதான் மச்சான்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

"இன்னா மச்சான், இந்நேரத்துக்கு ஸ்டேஷன்ல?" என்றான்.

"டீக்கு வந்தேன். ஏன்டா, இவ்ளோ பேரு எங்க போறாங்க?"

"எங்க போவாங்க, ஆறேகால் வண்டில பெங்களூருக்குத்தான். தெனமும் போறதுதான. ராத்திரி எட்டரைக்குத் திரும்புவாங்க."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழம தவிர்த்து."

பிளாட்பாரத்தைப் பார்த்தேன். கேரம் ஆடியவர்கள் நின்றார்கள். டீக்கடை வாசலில் நின்றவர்கள் நின்றார்கள். என் நோட்டு மொத்தமும் அந்தப் பிளாட்பாரத்தில் நின்றது.

"அப்ப நாளைக்கு ஏழு மணிக்கு ஷூட்டிங்குக்கு யாரு வருவாங்க?"

தாஸ் பையைத் தோள் மாற்றிக்கொண்டான். "பென்ஷன் வாங்கற பெருசுங்க வரும். ஒரு நூறு பேரு தேறும்."

"எல்லாரும் வரேன்னாங்களேடா!"

"நீ அவ்ளோ ஆசையா கூப்ட்ட. மூஞ்சிக்கு நேரா எப்பிடி வரலன்னு சொல்றது? ஊர விட்டுப் போனவன், இத்தினி வருஷம் கழிச்சி வந்து கூப்புட்றான்."

வண்டி வந்தது. ஐந்து நிமிஷத்தில் பிளாட்பாரம் காலி. நகர்கிற வண்டியின் ஜன்னலில் இருந்து ஒரு பையன், "ஆயித்துண்ணா, நாளைக்குப் பாத்துக்கலாம்!" என்று கன்னடத்தில் சரி சொல்லிக் கையாட்டினான். வராதவன்தான் அப்படிக் கையாட்டுவான். வண்டி போன பிறகு ஊரில் மிஞ்சியது நானும் டீக்கடைக்காரரும் இரண்டு நாய்களும்.

இந்தத் தப்பை ஒரு வெளியூர்க்காரன் செய்திருக்க மாட்டான். அவன் யாரையாவது, "இங்கே ஆண்கள் வார நாளில் எங்கே இருப்பார்கள்?" என்று கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. என் ஊரைப் பற்றி நான் யாரிடம் கேட்பது என்ற திமிர். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்தக் கிழமையில் படம் எடுக்கிறீர்களோ அந்தக் கிழமையில், எந்த நேரத்தில் எடுக்கிறீர்களோ அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். சொந்த ஊராக இருந்தால் இரண்டு முறை போய்ப் பாருங்கள்.

என்னை வளர்த்துவிட்ட மேனேஜர் ஒருவர் இருந்தார். வாயைத் திறந்தால் வசவுதான், ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் சாந்தமாகப் பேசுவார்: "கெட்ட செய்தியை அடை காக்காதே. குஞ்சு பொரிச்சிடும்." அவர் நினைவு வந்தது. நேராக இயக்குநர் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். அவர் காப்பிகூடக் குடித்திருக்கவில்லை.

"சார், நாளைக்கு எழுநூறு பேர் வரமாட்டாங்க. நூறு பேர்தான். தப்பு என்னுது."

அவர் கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "பெங்களூர்லேருந்து பஸ் போடலாமா?" என்று கேட்டார். போடலாம்தான். ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள் பன்னிரண்டு பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். ஆனால் ஸ்டேஷனில் நான் பார்த்தது கண்ணை விட்டுப் போகவில்லை. டீ கிளாஸை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் செல்போனில் படம் பிடித்திருந்தேன். ஆட்டம் கண்ட படம், பாதி இருட்டு. அதை அவர் முன் நீட்டினேன்.

மூன்று தரம் பார்த்தார். "இவங்கள்லாம் யாரு?"

"நாளைக்கு வரமாட்டாங்கன்னு சொன்னேனே, அவங்கதான் சார். வேலைக்குப் போறாங்க."

"நாளைக்கும் இப்படியே போவாங்களா?"

"தினமும் போவாங்க சார்."

"அப்ப அவங்க நம்ம கிட்ட வர வேண்டாம். நாம போய் அவங்க வழில நிப்போம்."

அவ்வளவு எளிதாக அவர் சொல்லிவிட்டார். அதை நடத்துவது என் பாடு. லைன்களில் இருந்து ஸ்டேஷனுக்குப் போகும் குறுக்குப் பாதை ஒன்று பழைய ஷாஃப்ட்டின் அடியிலேயே போகிறது. தலைக்கு மேலே இரும்புக் கோபுரம், பின்னால் தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த, வெளுத்த சயனைட் மேடு. அங்கே கேமரா. ஆட்கள் வழக்கத்தைவிட முக்கால் மணி முன்னதாக வர வேண்டும். பாதையின் இந்த முனையில் சட்டை, ஹெல்மெட், தலை விளக்கு கொடுப்போம். நடப்பார்கள். அந்த முனையில் எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டு ஆறேகால் வண்டியைப் பிடிப்பார்கள். யாருடைய ஒரு நாள் வேலையும் கெடாது. அவர்கள் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் படத்தில் தெரியும். ஆகவே பைகள் முன்கூட்டியே டெம்போவில் ஸ்டேஷனுக்குப் போய், பிளாட்பாரத்தில் லைன் வாரியாக வரிசையில் இருக்க வேண்டும். எழுநூறு சாப்பாட்டுப் பைகளில் ஒன்று மாறினாலும் கலவரம். பெண்கள் அந்தக் காட்சியில் கிடையாது, அவர்களை வேறு பாதையில் திருப்பிவிட வேண்டும். அந்தப் பொறுப்பை எஸ்தர் எடுத்துக்கொண்டாள். "சுத்தினு போணுமா? இன்னாத்துக்கு? எங்களுக்கு ஹெல்மெட் சேராதா?" என்று கார்மெண்ட்ஸ் கம்பெனிக்குப் போகும் பெண்கள் அவளை ஒரு பிடி பிடித்தார்கள். நியாயமான கேள்வி.

அன்று ராத்திரி எட்டரை வண்டி வந்ததும் ஸ்டேஷன் வாசலில் நானும் தாஸும் நின்று எல்லோரிடமும் பேசினோம். இந்த முறை என் முகத்துக்காக யாரையும் சரி சொல்ல விடவில்லை. "வண்டிய விட்டுடுவோம்னு பயமிருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றேன். ஒரு பெரியவர், "தாஸு அந்தாண்ட நின்னு எங்கள அனுப்புவான்னா நாங்க வரோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது தாஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மச்சான், ஒன்னு கேக்கட்டா?"

"கேளு."

"நானும் நடக்கட்டா? முன்னாடி வேணாம். நடுவுல எங்கியாவது."

எஸ்தர் சிரித்தாள். "இந்த வயசுல உன் மச்சானுக்கு நடிப்பு ஆச வந்துடுச்சுண்ணா."

"நடிப்பு இல்லடி." அவன் நிமிர்ந்தான். "கடைசியா செகண்ட் ஷிப்ட்டு முடிச்சி மேல வந்தேன். வழக்கம்போல வெளக்க குடுத்துட்டு, வூட்டுக்கு வந்து துன்னுட்டுத் தூங்கிட்டேன். மறுநா போனா எறங்க வேணான்ட்டாங்க. அதான் கடைசின்னு யாரும் சொல்லல மச்சான். தெரிஞ்சிருந்தா கொஞ்சம் மெதுவா நடந்து வந்திருப்பேன்."

எஸ்தர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குழம்பு ஊற்றினாள். "நடடா, உனக்கு இல்லாத எடமா?" என்றேன். அப்போது மனசாரத்தான் சொன்னேன்.

செவ்வாய் விடியற்காலை நாலரை மணி. என் உதவியாளர்கள் நல்ல பிள்ளைகள், ஆனால் சென்னைப் பிள்ளைகள். அந்த முனையில் எழுநூறு பேர் இருட்டில் விளக்கைக் கழற்றி நீட்டும்போது யார் எந்த லைன், யார் பை எங்கே, யார் முதலில் ஓட வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒருவன் குரல் கொடுத்தால் எழுநூறு பேரும் கேட்க வேண்டும். அப்படிப்பட்ட ஆள் ஊரில் இரண்டு பேர்தான் இருந்தோம். நானும் தாஸும். நானாவது பாதி வெளியூர்க்காரன் ஆகிவிட்டேன்.

தாஸ் குளித்துத் தலை வாரி, எல்லோருக்கும் முன்னதாக வந்து சட்டைக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தான். அவனை ஓரமாக அழைத்துப் போனேன்.

"மச்சான், ஒரு ஒத்தாசை. மொத டேக்குக்கு மட்டும் அந்த முனைல நின்னுக்க. ரெண்டாவது டேக்ல நீ நட. உன் எடத்துல நான் வேற ஆள போட்றேன்."

அவன் வரிசையைப் பார்த்தான். "ரெண்டாவது டேக்கு கண்டிப்பா இருக்கும்ல?"

"எந்தப் படத்துலடா ஒரே டேக்ல முடிஞ்சிருக்கு!"

"சரி" என்றான். ஒரு வாக்கி டாக்கியைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு பாதையின் மறுமுனைக்கு நடந்தான்.

ஐந்தே முக்கால். வானம் லேசாக நீலம் பிடித்தது. நான் மானிட்டர் முன்னால் இயக்குநரின் தோளுக்குப் பின்னால் நின்றேன். எழுநூறு விளக்குகள் ஒன்றாக எரிந்தன. இயக்குநர் "ஆக்ஷன்" சொன்னார்.

அவர்கள் நடந்தார்கள். அதைத் தவிர அவர்கள் எதுவும் செய்யவில்லை. தினமும் நடக்கிற நடைதான், அதே தூக்கம் கலையாத முகம், குளிருக்குக் குறுகிய தோள். ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள் என்றால் கேமராவைப் பார்ப்பார்கள், நெஞ்சை நிமிர்த்துவார்கள். இவர்கள் யாரும் எதையும் பார்க்கவில்லை. மேடு இறங்கி, கோபுரத்துக்கு அடியில் வந்து, கடந்து போனார்கள். நான் அழுதேன். யாருக்கும் தெரியாமல் இல்லை, கேமராமேன் பார்த்தார். எங்கே ஒரு குட்டையான ஆள் இடது காலை லேசாக இழுத்துக்கொண்டு வந்தாலும் அப்பாவோ என்று தேடினேன். அப்பா போய் இருபது வருஷம் இருக்கும்.

"கட்!"

ஐந்து ஐம்பத்தாறு. எனக்கு வேறு என்ன வேண்டும்? ஆனால் இயக்குநர் உதட்டைக் கடித்தார். கதாநாயகன் நடுவில் ஒரு இடத்தில் தடுக்கிச் சமாளித்திருந்தார். "ஒன் மோர். சீக்கிரம். லைட் போறதுக்குள்ள."

என் தலைக்குள் கணக்கு ஓடியது. எழுநூறு பேரைத் திருப்பி ஆரம்ப இடத்துக்குக் கொண்டுவரப் பத்து நிமிஷம். நடக்க நாலு நிமிஷம். ஆறு பத்து. கழற்றிக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓட ஐந்து நிமிஷம். ஆறேகால். எல்லாம் கச்சிதமாக நடந்தால் முடியும். நம் தொழிலில் எது கச்சிதமாக நடந்திருக்கிறது? ஆனால் எதிரே இயக்குநர் நிற்கிறார். நூறு பேர் யூனிட் என் வாயைப் பார்க்கிறது. அந்தப் பக்கம் என் மச்சான் இந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறான். சத்தியமாகச் சொல்கிறேன், எடுத்துவிடலாம் என்றுதான் என் வாயில் வந்துவிட்டது. ஒரு பேச்சுக்கு வாக்கியை அழுத்தினேன்.

"மச்சான், இன்னொரு டேக் கேக்கறாங்க. ஆளுங்கள திருப்பு. டைம் இருக்குல்ல?"

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அவன் குரல்.

"இல்ல மச்சான். ஆளுங்கள விட்டுட்டேன்."

"என்னது?"

"எல்லாரும் கயட்டிக் குடுத்துட்டுப் போய்கினே கீறாங்க. இனிமே கூப்ட முடியாது."

இயக்குநருக்கும் அது கேட்டது. அவர் முதல் முறையாகக் கத்தினார். யாரைக் கேட்டு விட்டார்கள், யார் அந்த ஆள், உங்களை நம்பித்தானே வந்தேன் என்று. நான் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு இருந்தது ஒரே ஒரு காலை. அடுத்த படத்துக்கு அவர் என்னைக் கூப்பிடவில்லை. வேறு யார் கூப்பிட்டும் நான் போகவில்லை. அப்படித்தான் நான் ஓய்வு பெற்றேன். கண்டுகொள்ளாமல் விட்டதற்கு ஓய்வு என்று பெயர்.

கத்தல் ஓய்ந்ததும் ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஆறேகால் வண்டி ஆறேகாலுக்கே கிளம்பிக்கொண்டிருந்தது. கடைசி நாற்பது ஐம்பது பேர் பையை எடுத்துக்கொண்டு, ஓடுகிற வண்டியில் தொற்றினார்கள். கடைசியாக ஏறியவன் தாஸ். ஒரு பைகூட பிளாட்பாரத்தில் மிஞ்சவில்லை. இரண்டாவது டேக் போயிருந்தால் எழுநூறு பேரும் அங்கேயே நின்றிருப்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மறுநாள் வேலை இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. தாஸ் செய்தது சரி. நான் செய்யவிருந்தது தப்பு. இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் உங்களுக்கு நல்ல பாடமாக இருந்திருக்கும்.

விளக்குப் பெட்டிகளை ஏற்ற மறுமுனைக்குப் போனேன். பெட்டிக்குள் விளக்குகள் இருபது இருபதாக, ஒயர் சுற்றி அடுக்கி இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. காஸ்ட்யூம் பிரிவுப் பெண் ஒருத்தி அங்கே நின்றாள். அவளைத்தான் தாஸுக்குத் துணையாக வைத்திருந்தேன்.

"அவர் முன்னாடியே ஆளுங்கள விட்டுட்டாரும்மா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றேன்.

அவள் விழித்தாள். "முன்னாடியா? இல்லையே சார். நீங்க வாக்கில கேட்டப்ப ஒருத்தரும் போகல. எல்லாரும் லைட்டோட இங்கதான் நின்னாங்க. அவர்தான் உங்ககிட்ட அப்படிச் சொல்லிட்டு, வாக்கிய ஆஃப் பண்ணிட்டு, 'கயட்டுங்கப்பா, வண்டிக்கு ஓடுங்க'ன்னார்."

அவளே தொடர்ந்தாள்.

"அவரும் சட்டை மாத்தி ஹெல்மெட் போட்டு ரெடியா இருந்தார் சார். செகண்ட் டேக்ல நடக்கணும்னு சொல்லிட்டிருந்தார். எல்லாரும் கொடுத்தப்புறம் கடைசியா அவர் ஹெல்மெட்டக் கழட்டி என்கிட்ட கொடுத்தார்."

படம் வெளிவந்தது. அந்தக் காட்சி திரையில் பதினோரு விநாடி. தடுக்கிய இடத்தைப் பிறகு வெட்டிவிட்டார்கள். ஊரில் எல்லோரும் பார்த்தார்கள். எங்கள் லைன்களில் வீட்டுக்கு வீடு செல்போனில் அதை நிறுத்தி நிறுத்தி, "இத்தோ எங்கப்பா," "இத்தோ பீட்டர் மாமா," "இது எங்கண்ணன் முதுகு" என்று காட்டுவார்களாம். எஸ்தர் போன் செய்தாள்.

"ண்ணா, நாலு வாட்டி பாத்துட்டேன். உன் மச்சான் எங்கண்ணா நடக்கறாரு? எல்லா வூட்லயும் ஒருத்தர் கீறாங்க."

"அவன் அந்தப் பக்கம் இருந்தாம்மா" என்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தாஸும் இன்றுவரை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒருமுறை நானே வாய் விட்டுக் கேட்டேன், ஏன்டா பொய் சொன்னே என்று. "நீ டைம் இருக்குல்லன்னு கேட்ட மச்சான். எனக்கு அந்த வண்டிய தெரியும், உனக்குத் தெரியாது" என்றான். பிறகு பேச்சை மாற்றிவிட்டான்.

பிள்ளைகளே, நம் தொழிலில் இது தினமும் நடக்கிறது. யாரை நம்பலாமோ அவனைத்தான் ஃபிரேமுக்கு வெளியே நிறுத்துகிறோம். நம்பிக்கைக்கு நாம் கொடுக்கிற பரிசு அது. ஆனால் என் விஷயம் அதைவிட மோசம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஊரில் எழுநூறு பேரும் கேட்கிற குரல் இரண்டு பேருக்கு இருந்தது என்று சொன்னேன் அல்லவா? அந்த முனையில் நான் நின்றிருக்கலாம். ஆறேகால் வண்டியைப் பற்றித் தெரிந்த டீக்கடைக்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தால் போதும். மானிட்டர் பக்கத்தில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. மேனேஜர் மானிட்டர் பார்த்து என்ன ஆகப்போகிறது? ஷிப்ட் போவதை நான் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நாலரை மணிக்கு அந்த இருட்டில் அவனை ஓரமாக அழைத்துப் போனபோதே இது எனக்குத் தெரியும். அவனுக்கும் ஆசை, எனக்கும் ஆசை. மேனேஜர் நான்தான், அதனால் என் ஆசை நடந்தது.

தாஸ் இன்னும் அதே வண்டியில்தான் போய் வருகிறான். நான் மாதத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போகிறேன், இப்போது ஞாயிற்றுக்கிழமையில் இல்லை. அவன் வருகிற வரை வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். வருவான், கை கால் கழுவுவான், இருவரும் சாப்பிடுவோம். சினிமாவைத் தவிர எல்லாம் பேசுவோம். அந்த ரெண்டாவது டேக் என்னாச்சு மச்சான் என்று ஒரு நாளாவது அவன் கேட்டுத் திட்டிவிட்டால் போதும் என்று இருக்கிறது எனக்கு. அவன் கேட்பதாக இல்லை.